ஒரு கட்டத்தைத் திருத்தினா எத்தனை வரி மாறும்?

டேட்டாபேஸைத் திரையில பார்த்து, மவுஸால திருத்துற டூல்களைப் பத்தி இன்னைக்குப் பேசலாம். பிஹெச்பிமைஅட்மின், பிஜிஅட்மின், டிபீவர் எல்லாம் நமக்குப் பழக்கம்தான். நானும் சின்னதா ஒண்ணு எழுதினேன். அதுல நான் விட்ட ஒரு தப்பால சில பேரோட கூலி குறைஞ்சது. அந்தத் தப்பைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

எனக்கு ஊர் பெருமுக்கல். திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற ரோட்டில மலை தெரியும், அதான். சித்தப்பா மரக்காணத்துல ஒரு உப்பு வியாபாரிகிட்ட கணக்கு எழுதறார். அளத்துலேர்ந்து குடோனுக்கு எந்த லாரி எத்தனை நடை போச்சு, நடைக்கு எத்தனை மூட்டை, எல்லாம் சிட்டையில இருக்கும். மழை வந்து அளத்துல வேலை நின்ன ஒரு ஐப்பசியில நான் லீவுக்குப் போயிருந்தேன். அந்தக் கணக்கை ஒரு எஸ்க்யூலைட் ஃபைலுக்கு மாத்தி, பைதான்ல கிரிட் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். கட்டத்துல டபுள் கிளிக் பண்ணு, திருத்து, என்டர் தட்டு. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த சீசன்ல ஒருநாள், சாயங்கால நடையில 200-ன்னு பதிவான மூட்டையை 180-ன்னு திருத்தியிருக்கார். சனிக்கிழமை கூலி கொடுக்கறப்ப, லோடு ஏத்தற ஒரு அக்கா, “அண்ணே, காலை நடை இருநூறு மூட்டை, நான்தானே எண்ணினேன்”னு கேட்டிருக்காங்க. சித்தப்பா திரையைப் பார்த்திருக்கார். காலை நடையிலயும் 180. “கம்ப்யூட்டர்ல இப்படித்தாம்மா இருக்கு”ன்னு சொல்லிட்டார். மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவங்களுக்கு இருபது மூட்டை போச்சு. ராத்திரி எனக்கு போன். “டேய், நான் ஒண்ணைத்தாண்டா திருத்தினேன்.”

அவர் ஒண்ணைத்தான் திருத்தினார். ரெண்டை மாத்தினது என் கோடு.

எக்செல்ல கட்டத்துக்கு விலாசம் உண்டு: சி7, டி12. ரிலேஷனல் டேபிள்ல வரிக்கு அப்படி ஒரு இடமே கிடையாது. 1970-ல எட்கர் காட் எழுதின பேப்பர்லயே, வரிகள் எந்த வரிசையில இருந்தாலும் ஒண்ணுதான்னு இருக்கு. திரையில ‘மூணாவது வரி’ன்னு நாம பார்க்கறது கிரிட் காட்டற தோற்றம். பின்னாடி போறது ஒரு அப்டேட் கட்டளை. எந்த வரின்னு அதுக்கு ‘வேர்’ கண்டிஷன்தான் சொல்லணும். என் டேபிள்ல பிரைமரி கீ இல்ல. அதனால தேதியையும் லாரி நம்பரையும் கண்டிஷனா போட்டிருந்தேன். ஒரே லாரி ஒரே நாள்ல ரெண்டு நடை போகும்னு எனக்குத் தோணவே இல்ல. உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவன் நான்!

எல்லா நெடுவரிசையையும் கண்டிஷன்ல சேர்த்தா சரியாகுமான்னு கேட்பீங்க. ஆகாது. ரெண்டு நடையும் அச்சு அசலா ஒரே மாதிரிதான் பதிவாகியிருந்தது.

எஸ்க்யூலைட்ல ஒவ்வொரு வரிக்கும் உள்ளுக்குள்ள ரோஐடின்னு ஒரு எண் உண்டு. முதல்ல அதைப் பிடிச்சேன். ஆனா நாமளே இன்டிஜர் பிரைமரி கீன்னு அறிவிக்கலைன்னா, வேக்யூம் ஓட்டறப்ப அந்த எண்கள் மாறலாம். போஸ்ட்கிரெஸ்ல இருக்கற சிடிஐடி இன்னும் மோசம், வரியை அப்டேட் பண்ணினாலே மாறிடும். கடைசியில ‘நடை எண்’னு ஒரு பிரைமரி கீயே சேர்த்தேன். அது ஆரம்பத்துலயே இருந்திருக்கணும்.

காலேஜ்ல பிஹெச்பிமைஅட்மின், ‘தனித்துவமான நெடுவரிசை இல்ல, இங்க திருத்த முடியாது’ன்னு மறுக்கறப்ப எரிச்சலா வரும். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச்ல 1175-ங்கற எர்ரர் வந்தா, சேஃப் அப்டேட்ஸை எப்படி அணைக்கறதுன்னுதான் முதல்ல தேடுவோம். நானும் அணைச்சவன்தான். மைஎஸ்க்யூஎல் கமாண்ட் லைன்ல அதே பாதுகாப்புக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ன்னு இன்னொரு பேர் இருக்கு. விளையாட்டா வச்ச பேர். அன்னைக்கு எனக்குப் பொருத்தமா இருந்தது.

இப்ப என் டூல் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அப்புறம் எத்தனை வரி மாறுச்சுன்னு எண்ணும். ஒண்ணு இல்லைன்னா ரோல்பேக். ரெண்டா இருந்தாலும் சரி, பூஜ்யமா இருந்தாலும் சரி. பழைய மதிப்பையும் கண்டிஷன்ல சேர்க்கறேன்: நடை எண் இது, மூட்டை இன்னும் 200-ஆ இருந்தா மட்டும் 180 ஆக்கு. நடுவுல வேற யாராவது திருத்தியிருந்தா பூஜ்யம் வரும், நிறுத்திக் கேட்கும்.

‘நிச்சயமா?’ன்னு ஒரு பெட்டி காட்டிப் பார்த்தேன். வேஸ்ட். மூணாவது நாள்லேர்ந்து சித்தப்பா படிக்காமலே ஓகே தட்டறார். டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்ல திருத்தங்கள் காத்திருக்கும். ‘ரைட் சேஞ்சஸ்’ அழுத்தினாத்தான் ஃபைலுக்குப் போகும். அந்த யோசனையை எடுத்துக்கிட்டேன். திருத்தின கட்டம் மஞ்சளா நிக்கும், பக்கத்துல பழைய எண்ணும் இருக்கும். பட்டன்லயே ‘1 வரி மாறும்’னு எழுதியிருக்கும். அதை அவர் படிக்கிறார். ஒருநாள் ‘3 வரி’ன்னு இருந்ததைப் பார்த்துட்டு, “நான் ரெண்டுதானே தொட்டேன்”னு போன் பண்ணினார். பார்த்தா, கை தவறி இன்னொரு கட்டத்துலயும் தட்டியிருக்கார். பிடிச்சுட்டோம்.

இன்னொண்ணு, எஸ்க்யூலைட் டூல் எழுதறவங்களுக்கு: ஃபாரின் கீ சோதனை சாதாரணமா அணைஞ்சுதான் இருக்கும். கனெக்‌ஷன் திறக்கறப்பல்லாம் பிராக்மா போட்டு எழுப்பணும். இல்லைன்னா ஒரு பார்ட்டியை அழிச்சதும் அவரோட நடைகள் அனாதையா நிக்கும்.

அந்த இருபது மூட்டைக் கூலி மறு சனிக்கிழமையே கொடுத்தாச்சு. சித்தப்பா நோட்டுச் சிட்டையை நிறுத்தாம வச்சிருந்தார், அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. இப்பவும் எழுதறார். நான் வேண்டாம்னு சொல்லலை.

அடுத்த எபிசோட்ல தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தறது. யூனிகோட் எண் வரிசையை அப்படியே நம்பினா ந-வுக்கு அடுத்து ன வந்து உட்காரும், ப பின்னாடி போயிடும். கூலிப் பட்டியல்ல அதுவும் ஒரு கூத்து. பார்க்கலாம்.