தோட்டத்து மக்களும் காடு காத்தலும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயற்கைப் பாதுகாப்பு என்னும் பொருளில் பேசுமாறு வாரியத்தார் என்னைப் பணித்தார்கள். இத்தலைப்பில் பேசுவோர் பூமித்தாய், ஐம்பூதங்கள், தலவிருட்சம் என்று தொடங்குவது வழக்கம். அவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். ஆகவே நான் கோயிலிலிருந்து தொடங்கவில்லை. சிரம்பானில் உள்ள விஸ்மா நெகிரியிலிருந்து தொடங்குகிறேன். நம் மாநிலத்தின் நிலமும் காடும் என்ன ஆக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எது மத்திய அரசின் அதிகாரம், எது மாநிலத்தின் அதிகாரம் என்று பிரித்துச் சொல்கிறது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. நம்மவர்கள் என்ன செய்கிறோம்? கோலாலம்பூரில் உள்ள அமைச்சருக்கு ஒரு மனு எழுதுகிறோம், நகலைப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம், கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். அமைச்சருக்கு எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும், ஒரு வனக் காப்பகத்தின் தகுதியை நீக்கும் கையெழுத்து மாநிலத்தின் கையெழுத்துதான். கதவு தெரியாமல் தட்டினால் யார் திறப்பார்?

சரியான கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலமான சிலாங்கூரே சாட்சி. கோலலங்காட் மாவட்டத்தின் வடக்கு வனக் காப்பகம் ஒரு சதுப்புநிலக் காடு. 2020 பிப்ரவரியில் சிலாங்கூர் வனத்துறை நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்தக் காட்டில் ஏறத்தாழ 930 ஹெக்டரைக் காப்பகத் தகுதியிலிருந்து நீக்க உத்தேசம், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்பது அதன் சாரம். காட்டின் பெரும்பகுதியே அந்த 930 ஹெக்டரில் அடங்கிவிட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தெமுவான் பூர்வக்குடி மக்கள் எழுந்தார்கள். இயற்கை இயக்கங்கள் சேர்ந்தன. மாணவர்களும் குடும்பத் தலைவிகளும் எழுதினார்கள். 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் போய்ச் சேர்ந்தன. அப்படியிருந்தும் 2021 மே மாதத்தில் 536 ஹெக்டருக்கு மேல் தகுதி நீக்கப்பட்டது. ஆகஸ்டில் அது வெளியே தெரிந்ததும் எழுந்த எதிர்ப்பு சாதாரணமானது அல்ல. செப்டம்பரில் மாநில அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

அந்த அறிவிப்பு ஏன் நாளிதழில் வந்தது என்பதையும் கவனியுங்கள். வனக் காப்பகத் தகுதியை நீக்குவதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று சிலாங்கூர் 2011இல் தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் 45,000 பேருக்குச் சேதியே தெரிந்திராது. 2022இல் நாடாளுமன்றமும் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தை அதே போக்கில் திருத்தியது. ஆனால் வனம் மாநிலத்தின் பொருள் என்பதால், மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் அத்திருத்தம் அந்த மாநிலத்தில் செல்லும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலை விளக்கையும் கால்வாயையும் கேட்கிறோம் அல்லவா, இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி நம் தோட்டங்களுக்கு வருகிறேன். “ஐயா, நாம் காட்டில் வாழவில்லையே, தோட்டத்தில்தானே வாழ்கிறோம்” என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஜெலுபு மாவட்டத்தில் பாசோ வனக் காப்பகம் இருக்கிறது. 1970களிலிருந்து உலகின் பல நாட்டு அறிஞர்கள் வந்து ஆராயும் காடு அது. அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, விரல் பருமன் உள்ள கன்று முதல் ஒவ்வொரு மரத்தையும் எண்ணியிருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள். ஐம்பது ஹெக்டரில்! ஆனால் காட்டைச் சுற்றிப் பெரும்பாலும் செம்பனை. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகின. ஈனும் பன்றி, காட்டுக்குள் போய் இளங்கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் குவித்து, மெத்தை போலப் பரப்பித்தான் குட்டி போடும். 2017இல் வெளிவந்த ஆய்வு, 24 ஆண்டுகளில் அக்காட்டின் இளங்கன்றுகள் 62 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. செம்பனை வரப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், யாரும் கோடரி வைக்காத காட்டில் இது நடந்தது. பூமியைக் கொம்பில் ஏந்திக் காத்த வராகத்தை வணங்குகிறவர்கள் நாம், இங்கேயோ வராகம் வேறு வேலை செய்கிறது. பாவம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பழத்தைப் போட்டு வைத்தது மனிதன்தானே. தோட்டத்தில் நடப்பது தோட்டத்தோடு நிற்பதில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

காட்டுக்கு வரும் கேடு இருக்கட்டும், நம் உடம்புக்கு வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். நான் பாஹாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். என் சின்னம்மா மருந்தடிப்பு வேலை செய்தவர். முதுகில் தொட்டி, கையில் குழாய், முகத்தில் ஒரு பழந்துணி. நகங்கள் கறுத்து விழும், மூக்கில் இரத்தம் வரும். “மருந்து வாடை ஒத்துக்கலப்பா” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அவர் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். இவரைப் போன்ற தோட்டத்துப் பெண்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதை எழுதி, உடல்நிலையைப் பதிந்து, அதிகாரிகள் முன் வைத்தது தெனாகனித்தா அமைப்பு. அதை வழிநடத்திய ஐரின் பெர்னாண்டஸ் 2014இல் காலமானார். பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்குவதாக 2002இல் அறிவித்தார்கள். 2006இல் அந்த முடிவு தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை வந்தது. இடையில் பதினெட்டு ஆண்டுகள்! ஆனால் அந்தக் கோப்பில் இருந்த சாட்சியம் பேராசிரியர்களுடையது மட்டுமன்று. ஒப்பமிடத் தயங்கிய கைகள் கொடுத்த சாட்சியமும் அதில் இருந்தது.

நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பக்கத்து நிலத்தில் ஏதேனும் கட்ட அனுமதி கேட்டால், சட்டம் நிலச் சொந்தக்காரருக்குத்தான் கடிதம் அனுப்பச் சொல்கிறது. லயத்து வீட்டில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கு நிலப்பட்டா ஏது? ஆகவே கடிதமும் இல்லை. ஆனால் வேறொரு வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டப்படி, ஊராட்சி மன்றம் ‘ரன்சாங்கான் தெம்பத்தான்’ என்னும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைச் சில வாரங்கள் பொதுப் பார்வைக்கு வைத்தாக வேண்டும். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் ஆட்சேபம் எழுதலாம். எந்தத் தோட்டம் வீடமைப்பாகும், எது தொழிற்பேட்டையாகும், எந்த ஆற்றங்கரை பசுமையாக விடப்படும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் கிடக்கும். நம் கோயிலும் சுடுகாடும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதும் அதில்தான் தெரியும். தோட்டம் கைமாறிய பிறகு, புல்டோசர் வந்த பிறகு பதாகை பிடிக்கிறோம். அன்று மன்றத்துக் கூடத்தில் அந்த வரைபடம் சுவரில் தொங்கியபோது நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

அதனால் வாரியத்தார் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஒவ்வோர் ஆலயத்திலும் மலாய் நன்கு படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை இதற்கென நியமியுங்கள். வனத்துறை, சுற்றுச்சூழல் துறை, ஊராட்சி மன்றம் வெளியிடும் அறிவிப்புகளை அவர்கள் வாரந்தோறும் பார்த்து, வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் ஐந்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். அன்னதானப் பட்டியல் ஒட்டும் பலகையில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். ஓராண்டில் ஆகும் தாள் செலவு, ஒரு நாள் மாலைச் செலவுகூட ஆகாது.

ஆட்சேபக் கடிதம் எழுத வக்கீல் வேண்டியதில்லை. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, அறிவிப்பின் எண், எந்த இடம், அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு, இவ்வளவுதான். ஒரே கடிதத்தில் நூறு பேர் ஒப்பமிடுவதைவிட, நூறு பேர் தத்தம் சொற்களில் நூறு கடிதம் எழுதுவது மேல். மருந்தடித்த தாய்மார்கள், அந்த ஓடையில் முன்பு என்ன மீன் இருந்தது என்று எழுதட்டும். எழுத வராதவர் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, அந்த நகலை ஆலய அலுவலகத்தில் வையுங்கள்.