பெட்டிக்குள் கிடக்கும் பங்குப் பத்திரம்: விற்குமுன் கணக்குப் பார்ப்போம்
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. 1995 முதல் அந்தக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகளும் தனியாருக்கு விற்கப்பட்டன. அப்போது நூற்றுக்குப் பத்துப் பங்குகள் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. அந்தப் பத்திரம் இன்றும் நம்மவர் சிலருடைய பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழோடு சேர்ந்து கிடக்கிறது. அதைக் கேட்டு யாராவது லயத்து வாசலுக்கு வந்தால் என்ன செய்வது? முதலில் கணக்குப் பார்ப்போம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். இங்கே நாம் சொல்லும் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

முதலாவது, பங்கிலாபம். கம்பனி தன் இலாபத்தில் ஒரு பகுதியைப் பங்குக்கு இத்தனை ரூபாய் என்று பிரித்துக் கொடுப்பதே பங்கிலாபம். நம்மிடம் 200 பங்குகள் உள்ளன, பங்குக்கு 3 ரூபாய் அறிவிக்கிறார்கள் என்றால் மொத்தம் 600 ரூபாய். அதில் வரி நூற்றுக்கு 15 வீதம், அதாவது 90 ரூபாய் கழியும். கைக்கு வருவது 510 ரூபாய். இலாபம் இல்லாத வருடத்தில் ஒன்றும் வராமலும் போகலாம்.

இரண்டாவது, பங்கின் விலை. கொழும்புப் பங்குச் சந்தையில் அன்றைய விலை 50 ரூபாய் என்றால் நம் 200 பங்குகளின் பெறுமதி 10,000 ரூபாய். வாசலுக்கு வந்தவர் 3,000 ரூபாய் நீட்டினால், "சும்மா கிடைத்ததுதானே" என்று கொடுத்துவிடலாமா? கொடுத்தால் 7,000 ரூபாய் நட்டம். இலவசமாக வந்த பொருளுக்கும் விலை உண்டு. அது நம் தாய் தகப்பன் உழைப்புக்காக வந்தது.

மூன்றாவது, சில கம்பனிகள் காசுக்குப் பதிலாகப் புதிய பங்குகளைக் கொடுக்கும். நான்குக்கு ஒன்று என்றால் 200 பங்குகள் 250 ஆகும். ஆனால் சந்தை விலையும் அதற்கேற்ப 50இலிருந்து 40 அளவுக்கு இறங்கும். 250ஐ 40ஆல் பெருக்கினாலும் அதே 10,000தான். பங்கு கூடியதாலேயே பணம் கூடிவிடாது.

பட்டணத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இப்போது பங்கு வாங்கவும் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு. 60 ரூபாய்ப்படி 100 பங்குகள் வாங்கினால் 6,000 ரூபாய். தரகு முதலிய கட்டணம் நூற்றுக்கு 1.12 என்று வைத்தால் 67.20. ஆக, போட்ட பணம் 6,067.20 ரூபாய். இரண்டு வருடத்தில் வரி போகப் பங்கிலாபம் 510 ரூபாய் வந்தது. பிறகு 55 ரூபாய்ப்படி விற்றால், கட்டணம் போகக் கையில் 5,438.40 ரூபாய். வந்ததெல்லாம் சேர்த்து 5,948.40 ரூபாய். 118.80 ரூபாய் நட்டம்! பங்கிலாபம் வந்ததை மட்டும் பார்த்தவருக்கு இந்த நட்டம் தெரியாது. வந்ததையெல்லாம் கூட்டி, போட்டதையெல்லாம் கழித்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று வேலை செய்வோம். ஒன்று, பத்திரம் வைத்திருப்போரின் பெயர்களை எழுதி எடுப்போம். இரண்டு, கம்பனிப் பதிவிலுள்ள முகவரி சரிதானா என்று எழுத்தில் கேட்போம். லயம் மாறியவர்களின் பங்கிலாபக் காசோலை பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். மூன்று, பங்குக்காரர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழோடு வாரிசுக்கு மாற்றும் வேலையைத் தொடங்குவோம். விலை தெரியாமல் எந்த வெற்றுப் படிவத்திலும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனி "நட்டம்" என்று சொன்னால், அதன் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குவோம். அந்த வருடம் பங்குக்கு எவ்வளவு பங்கிலாபம் கொடுத்தார்கள், மொத்தம் எத்தனை பங்குகள் என்று பார்த்துப் பெருக்குவோம். பங்குக்காரருக்குப் போன தொகை அதில் தெரியும். அந்தத் தொகையை மேசையில் வைத்துக்கொண்டு நம் நாட்சம்பளத்தைப் பேசுவோம்.