நிழல் விழும் வழி

 

இன்று பேசப்போகும் பொருள் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்ததுதான். ஆசிரியர் அறையில் நான் ஓயாமல் போட்ட சண்டை. வளாகத்தின் அழகு முகப்பில் இருக்கிறது என்பது நண்பர்கள் கட்சி: வளைவு, நீரூற்று, புல்தரை, ஆண்டுமலர் அட்டைக்கு ஒரு படம். விடுதியிலிருந்து வகுப்புக்கு நடக்கிற வழியில் இருக்கிறது என்பது என் கட்சி.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைப் பாருங்கள். 1837இல் பள்ளியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுன் நெரிசலில் வளர்ந்த நிறுவனம். 1937இல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931லேயே ஓடத் தொடங்கியிருந்தது. நகரை விட்டுக் காட்டுக்குப் போன துணிச்சலில் ரயிலுக்கும் பங்குண்டு என்பேன். கிடைத்த நிலம் 360 ஏக்கருக்கு மேல். அங்கே மரம் நட்டு வளர்த்தவர்களில் இன்றும் நினைக்கப்படுபவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர் என்பதைத் தாவரவியல் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நட்ட மரங்களைவிட நடாத காடுதான் எனக்கு முக்கியம். நம் கிழக்குக் கரையோரத்து உலர் பசுமைக்காடு அது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. ஆனால் தடித்த சிறு இலைகள் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் சித்திரை வெயிலிலும் காடு மொட்டையாவதில்லை. காயா நீலமாகப் பூக்கும். களாப்பழம் தின்றால் உதட்டில் பால் ஒட்டும். சூரைமுள் சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்கக் கூடாது. ஓரடி பின்வாங்கித்தான் விடுவித்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு ஓடுகிறவனை இப்படி நிறுத்திவைக்கிற நீரூற்று எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் ‘புதர்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் பணியாற்றிய ஓரிடத்தில், பாம்பு அடைகிறது என்று கோடை விடுமுறையில் ஜேசிபியை விட்டு வழித்து, கான்கிரீட் கல் பதித்தார்கள். பாம்பு போயிற்று, எலி வந்தது. விடைத்தாள் கட்டு இரண்டு அதற்கு இரையாயின. அன்றும் நண்பர்கள் தங்கள் கட்சியை விடவில்லை.

அடுத்தது கட்டடம். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் முகப்பு எதிர்க்கட்சிக்கு வலுவான சான்று, ஒப்புக்கொள்கிறேன். விரிவான விடையைத் தனியே எழுத வேண்டும். தாழ்வாரத்தின் அகலம், ஒலி, மதில் பற்றியும் குறிப்புகள் உண்டு. ஆனால் கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகள். மே மாத நண்பகலில் வளாக வழிகளின் வெப்பத்தை அளக்கலாம். மாணவர் கால்பட்டு உண்டான ஒற்றையடிப் பாதைகளை வரைபடத்தில் குறிக்கலாம். ஓய்வுபெற்ற தோட்டக்காரர்களிடம் செடிகளின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதலாம். இந்தக் கடைசி வேலையைச் சீக்கிரம் செய்ய வேண்டும். அதற்கென ஒரு படிவம் தயாரித்திருக்கிறேன். நாற்பது படிகள் வாயில் மேசையில் இருக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.