மலேரியாவின் மாறுவேடம்

தென் அந்தமானின் பெரார்கஞ்சிலாகட்டும், பிற தீவுகளிலாகட்டும், கடல் கடந்து வந்து குடியமர்ந்த நம்மவர்க்கு மலேரியாச் சுரம் புதிய செய்தியன்று. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்ட நாள்தொட்டே அது குடியேறியோரை வாட்டி வந்தது. உவர்நீரில் பெருகும் கொசுவே அதனைப் பரப்புகிறது என்பதைக் கிறிஸ்டபர்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1912-இல் எடுத்துக்காட்டினார்.

கொசுவை அறிந்தோம், மருந்தும் கண்டோம். ஆயினும் நோய் எளிதில் ஒழியாதது ஏன்? ஒட்டுண்ணியாகிய அக்கிருமியின் புரதங்கள் மாறி வருவது ஒரு முக்கிய காரணமாகும்.

பால்சிபாரம் என்னும் கொடிய வகைக் கிருமி நம் சிவப்பணுவினுட் புகுந்து வளர்ந்து, அவ்வணுவின் மேற்புறத்தில் தன் புரதமொன்றை நிறுத்துகிறது. அப்புரதம் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்வதால், மண்ணீரலிற் சென்று அழியாமல் அணு தப்புகிறது. நம் உடல் அதனை அடையாளங்கண்டு எதிர்ப்பொருளை ஆக்குவதற்குள், கிருமிகளுட் சில வேறொரு புரதத்தை அணிந்துவிடுகின்றன. இதற்கென ஏறத்தாழ 60 மரபணுக்கள் அதனிடம் உள்ளன. அவையும் தம்முட் கலந்து புதியன ஆகின்றன.

மருந்தை வெல்வது வேறு வழியில். பைரிமெத்தமின் என்னும் மருந்து, கிருமியின் இன்றியமையாத புரதமொன்றிற் பொருந்தி, பூட்டினுள் ஒடிந்த சாவி போல் அதன் வேலையை நிறுத்தும். அப்புரதத்தின் 108-ஆம் அமினோ அமிலம் மாறினால் மருந்தின் பிடி தளரும். வேறு சில இடங்களும் மாறினால் மேலும் தளரும். கார் நிக்கோபார்க் கிருமிகளில் இத்தகைய மாற்றங்கள் நான்கு ஒருசேர இருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கிருமி அறிந்து செய்வதோ இது? அன்று. பெருகும்போது தற்செயலாய் மாற்றங்கள் நேர்கின்றன. மாறாதவற்றை மருந்து கொல்கிறது. மாறியவை எஞ்சிப் பெருகுகின்றன.

ஆதலின் இரு மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை வந்தது. ஒன்றுக்குத் தப்புவது மற்றொன்றுக்கு மடியும். பால்சிபாரத்திற்கு ஆர்ட்டிமிசினின் வகை சேர்ந்த கூட்டு மருந்தை 2010 முதல் நாடெங்கும் அளித்து வருகின்றனர். வைவாக்ஸ் வகையில், கல்லீரலில் உறங்கும் கிருமியை ஒழிக்க 14 நாள் பிரிமாக்குவின் தருவதுண்டு.

சுரம் தணிந்ததும் மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமிக்கு நாமே இடந்தந்தவராவோம். சுரம் கண்டவுடன் இரத்தத்தைச் சோதிப்போம். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்துண்போம். நமக்கும் அயலாருக்கும் அதுவே காப்பாகும்.