வேலையும் வேளையும்

வேலை தேடுவோர்க்குப் பொழுதே பெரும்பகை. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்னும் சிற்றூரின் நூலாலை மூடப்பட்டபின், 1931-இல் அறிஞர்கள் அவ்வூரை ஆராய்ந்தனர். ஆடவர் பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தனர். ஓய்வு பெருகியும் நூலகத்தில் நூல் பெறுவது குறைந்திருந்தது.

நம் திருவொற்றியூரும் ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்த ஊரே. இங்கு என் அண்டைவீட்டு இளைஞர் வேலையிழந்து ஓராண்டாகிறது. இன்று அவரை எழுப்புவன அவர் வளர்க்கும் இரு நாய்கள். விடியலில் கடலோர உலா. பின் அவற்றுக்குச் சோறு. அதன்பின் விண்ணப்பம் எழுதுதல். அந்தியில் மீண்டும் உலா. இதனை நாள்தோறும் காண்கிறேன். மறுப்புக் கடிதம் வந்த நாளிலும் நாய்களுக்குப் பசிக்கும். அவரும் எழுந்தாக வேண்டும்.

வேலை போனதை நாய் அறியாது; வேளை தவறினால் அறியும். நாளை வேலை தேடும் காலத்தில் நீங்களும் வேளையைக் காத்துக்கொள்ளுங்கள்.