வலென்சியாவில் இரண்டு நாள்: இடம் மாறிய ஓர் ஆற்றின் கதை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் நடந்த பயணப் பகிர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

மெயின்டனன்ஸ் கணக்கு வாசித்து முடித்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் செகரட்டரி. பாதிப் பேராவது லிஃப்ட் பக்கம் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி. காபி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் வலென்சியா நகரத்தைப் பற்றி. மாட்ரிட், பார்சிலோனாவுக்கு அடுத்து அந்த நாட்டின் மூன்றாவது பெரிய நகரம் அது. மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம்தான். நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு போய் ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பினோம். அந்த ஊருக்கு இரண்டு பகல் போதும். நிதானமாகப் பார்க்கலாம், கால் வலிக்காது.

சனிக்கிழமை காலையை மத்தியச் சந்தையில் தொடங்குங்கள். 1928-ல் திறந்த பெரிய கட்டடம். இரும்பும் கண்ணாடியும் ஓடுகளும் சேர்த்துக் கட்டியது. உள்ளே காய்கறி, பழம், மீன், குங்குமப்பூ எல்லாம் கிடைக்கும். பிற்பகல் 3 மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும்.

சந்தைக்கு எதிரிலேயே லோன்ஹா என்ற பழைய பட்டு வணிக மண்டபம் இருக்கிறது. 1482-ல் கட்டத் தொடங்கியது, 1996-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முறுக்குக் கயிறு போலத் திருகிய தூண்கள் உயர்ந்து போய்க் கூரையில் பனை ஓலை போல விரிகின்றன. சுவரைச் சுற்றி லத்தீன் மொழியில் பொன்னெழுத்து ஓடுகிறது. ஏமாற்றாமல் வியாபாரம் செய்பவனுக்குச் செல்வமும் சேரும், நல்ல கதியும் கிடைக்கும் என்பதுதான் அதன் சாரம். நம் பில்டர் கையில் சாவி வாங்கிய நாளை நினைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தேன்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் தேவாலயம். அதன் மிகெலெத்தே கோபுரத்தில் 207 படிகள், குறுகலான சுழல் படிக்கட்டு. முழங்கால் சம்மதித்தால் ஏறுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் உள்ள சதுக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நான் இரண்டாவது கட்சி.

அந்தச் சதுக்கத்தில் ஒரு நீரூற்று. நடுவில் ஓர் ஆண் சாய்ந்து படுத்திருக்கிறார், சுற்றிலும் எட்டுப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். அந்த ஆண்தான் தூரியா ஆறு. எட்டுப் பெண்களும் அந்த ஆற்றிலிருந்து வயலுக்குப் பிரியும் எட்டு வாய்க்கால்கள். பக்கத்திலேயே தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசல். அந்த வாசலில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் 12 மணிக்குத் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்காலுக்கும் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். முறை தவறித் தண்ணீர் எடுத்தவர் யார், வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டவர் யார் என்று விசாரிப்பார்கள். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்மொழிதான். தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும், மேல்முறையீடும் இல்லை. வழக்கு இல்லாத வாரமும் கூடாமல் இருப்பதில்லை. நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த வழக்கத்தை 2009-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. நாங்கள் சனிக்கிழமை போனதால் வாசலை மட்டும் பார்த்தோம். உங்களால் முடிந்தால் ஒரு நாள் முன்னதாக, வியாழன் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இவ்வளவு தூரம் தண்ணீரைப் பற்றிக் கேட்டபிறகு ஆற்றைப் பார்க்கத் தோன்றுமா இல்லையா? வடக்கே நடந்தோம். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய செர்ரானோஸ் கோட்டை வாசல் வருகிறது. அதைத் தாண்டினால் கல் பாலம். பாலத்தின் நடுவில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீர் இல்லை, மரங்கள்தான். ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பந்து விளையாடும் பிள்ளைகள். ஆறு இருந்த இடத்தில் ஒரு பூங்கா.

இது எப்படி நடந்தது என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம்.

1957 அக்டோபர் 14 அன்று தூரியா கரை மீறி நகருக்குள் புகுந்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இனி இந்த ஆறு நகருக்குள்ளேயே வரக்கூடாது என்று அரசு முடிவெடுத்தது. நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அகலமான புதுக் கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். செலவில் ஒரு பங்கு வலென்சியா மக்களிடமிருந்தே வந்தது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் வழக்கமான தபால்தலையோடு 25 சென்டிமோ விலையுள்ள தனித் தபால்தலை ஒன்றையும் ஒட்ட வேண்டும். பல வருடம் இப்படி வசூல் நடந்தது. நம் கார்பஸ் ஃபண்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நடு ஊரில் காலியாகிப்போன பழைய படுகையை என்ன செய்வது? மாட்ரிட் பக்கமிருந்து துறைமுகம் போகும் வண்டிகளுக்காக அதில் பெரிய நெடுஞ்சாலை போடுவதாகத் திட்டம். அப்போது பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி. எதிர்த்துப் பேசுவது அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் பேசினார்கள். படுகை எங்களுடையது, அது பசுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோஷம். பிராங்கோ 1975-ல் இறந்தார். 1976-ல் படுகை நகரத்துக்குக் கொடுக்கப்பட்டது. ரிக்கார்தோ போஃபில் என்ற கட்டடக் கலைஞர் பூங்காவுக்கான வரைபடம் தயாரித்தார், 1980-களில் பூங்கா பகுதி பகுதியாகத் திறந்தது. இன்று சுமார் 9 கிலோமீட்டர் நீளம், சிக்னல் இல்லாமல் நடக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் அன்று சும்மா இருந்திருந்தால் நான் பாலத்தில் நின்று லாரிகளைத்தான் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை மாலை முழுவதும் அந்தப் படுகையிலேயே நடந்தோம். வழியில் கலிவர் பூங்கா. தரையில் கட்டிப்போட்ட கலிவரின் 70 மீட்டர் நீளச் சிலை. அவர் கை, கால், சட்டை மடிப்பு எல்லாமே சறுக்கு மரமும் ஏணியும்தான். அதில் ஏறும் குழந்தைகள் லில்லிபுட்வாசிகள் ஆகிவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கடல் பக்கம் போகப்போக, அதே ஊரில் பிறந்த சாந்தியாகோ கலாத்ராவா வடிவமைத்த கலை அறிவியல் நகரம் வருகிறது. வெள்ளை வெளேர் என்று கண் போல ஒரு கட்டடம், தலைக்கவசம் போல இன்னொன்று. உள்ளே போக டிக்கெட் வேண்டும். விளக்கு போட்டபின் வெளியே சுற்றி நடக்கக் காசு இல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். கையில் பிஸ்கெட் பாக்கெட் இருக்கட்டும். பயேயா என்ற சோற்றுப் பதார்த்தத்துக்கு இதுதான் சொந்த ஊர். அசல் பயேயாவில் கோழி, முயல், பச்சை பீன்ஸ், மொச்சை மாதிரி ஒரு பெரிய வெள்ளைப் பயறு, குங்குமப்பூ போடுவார்கள். மீன் கிடையாது. அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் வீட்டில் சண்டை, நம்மைப் போலவே. சைவம் சாப்பிடுபவர்கள் காய்கறி பயேயா கேளுங்கள், கூடவே எந்தச் சாறில் சோறு வேகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர்ச்சாதா என்ற குளிர்ந்த பானம் பால் போல இருக்கும், ஆனால் பால் இல்லை. நம் கோரைக்கிழங்குக்கு உறவான சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்து வடிகட்டுவது. தாராளமாகக் குடிக்கலாம்.

ஞாயிறு காலை நகரப் பேருந்தில் தெற்கே அல்புஃபேரா ஏரிக்குப் போனோம். அரபு மொழியில் சின்னக் கடல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு, ஏரியைச் சுற்றிலும் நெல் வயல். மே மாதம் விதைத்து செப்டம்பரில் அறுக்கிறார்கள். எல் பல்மார் கிராமத்தில் இறங்கி, படகில் ஒரு சுற்று வந்தோம். நாரையும் கொக்கும் வயலும் பார்த்தபோது வெளிநாடு என்றே தோன்றவில்லை.

ஆனால் போகிற வழியில் பேருந்து ஒரு பாலத்தைக் கடந்தது. கீழே மிக அகலமான கால்வாய், அடியில் கொஞ்சம் தண்ணீர், மிச்சமெல்லாம் வறண்ட தரை. இடம் மாற்றிய தூரியா அதுதான். அதன் வடகரையில் நகரம். தென்பக்கம் பைபோர்த்தா, கத்தர்ரோஹா போன்ற புறநகர்கள்.

2024 அக்டோபர் 29 செய்தி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று மேற்கே மலைப் பக்கம் தூரிஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புதுக் கால்வாய் நிறைந்து ஓடியது, ஆனாலும் தாங்கியது. வடகரை நகரம் தப்பித்தது. தென்பக்கத்தில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வேறொரு காட்டாறு பெருகிப் புறநகர்களுக்குள் புகுந்தது. வலென்சியா மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பைபோர்த்தாவில் அன்று பெரிய மழையே இல்லை. வேறெங்கோ பெய்த மழை தெருவில் வந்து நின்றது. கைபேசிகளுக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8.11-க்கு. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் ஏறியிருந்தது. மறுநாள் முதல் நகரவாசிகள் ஆயிரக்கணக்கில் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, கால்வாயின் மேல் இருக்கும் நடைபாலத்தைக் கடந்து நடந்தே போய்ச் சேறு அள்ளினார்கள்.

இறந்தவர்களில் பலர் தரைத்தள வீடுகளிலும் அடித்தளக் கார் நிறுத்தங்களிலும் இருந்தவர்கள். காரை மேலே ஏற்றிவிடலாம் என்று இறங்கியவர்கள் உண்டு. சாய்தளம் வழியாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் பேஸ்மென்ட் நிரம்பச் சில நிமிடம் போதும். லிஃப்ட் நின்றுவிடும். தண்ணீர் அழுத்தும் கதவைத் திறக்க முடியாது.

அதனால்தான் இன்று இங்கே இதைப் பேச ஒத்துக்கொண்டேன். நமக்கும் பேஸ்மென்ட் பார்க்கிங் இருக்கிறது. நமக்கும் அக்டோபர் மழை வரும். தெருவில் தண்ணீர் ஏறும்போது பேஸ்மென்டுக்கு யாரும் இறங்கக்கூடாது, செக்யூரிட்டி தம்பியையும் இறக்கக்கூடாது என்று நாம் இதுவரை எழுதிவைத்ததில்லை. வண்டிகளை எந்த எச்சரிக்கை வந்ததும் வெளியே எடுப்பது, யார் வாட்ஸ்அப் குழுவில் சொல்வது, தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களை யார் வீட்டுக்கு அழைத்துப்போவது, இந்த மூன்றுக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டலாம். அடுத்த கூட்டத்துக்கு இதை அஜெண்டாவில் சேர்க்கும்படி செகரட்டரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏதாவது ஒரு பிளாக்கிலிருந்து இருவர் என்னோடு சேர்ந்தால் வரைவை நானே தயார் செய்கிறேன்.

வலென்சியாவுக்கு அவசியம் போய் வாருங்கள். பாலத்தில் நின்று அந்தப் பூங்காவைப் பாருங்கள். முடிந்தால் பேருந்தில் தெற்கே போய் இன்னொரு பாலத்தையும் கடந்து பாருங்கள்.

காபி வந்துவிட்டது.