இன்டர்கூலர் பைப்: காசை எங்கே போடுவது?

(முன்னாள் மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் போனில் சொன்னதும் பெரிய பெரிய தலைப்பெல்லாம் யோசித்தேன். கடைசியில், போன மாதம் நம் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கே இங்கே பதில் சொல்லிவிடலாம் என்று வந்துவிட்டேன். "அண்ணே, எங்க டர்போ வண்டிக்கு இன்டர்கூலர் பைப் மாத்தணும். கம்பெனி பைப் விலை கட்டுப்படியாகலை. வெளியில சல்லிசா எதை வாங்கலாம்?" இதுதான் கேள்வி. இதற்கான பதிலை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. போடிமெட்டு மலைப்பாதையில்தான் படித்தேன்.

மற்ற துறைக்காரர்களுக்காக இரண்டு வார்த்தை. வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதனால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமில்லையா, அதே கதைதான் இங்கேயும். வெளியில் 35 டிகிரி இருக்கும் காற்றை இரண்டு மடங்காக அழுத்தினால், சாதாரண டர்போவில் அது 130 டிகிரியை எட்டிவிடும். சூடான காற்று விரிந்து கிடக்கும், அதில் ஆக்சிஜன் குறைவு. இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்கு இறக்கிக் கொடுத்தால், அதே இடத்தில் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு பைப், அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு பைப். நம் பேச்சு இந்த இரண்டைப் பற்றித்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு. படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் டர்போ டீசல் ஜீப் ஒன்றை என் தாய்மாமா ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே தூக்குவாளியும் கையுமாகச் சனம் ஏறுவதும், முந்தல் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்குவதும் உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்த காட்சிதான். போடியிலிருந்தாலும் கம்பம்மெட்டு, குமுளி வழியானாலும் பிழைப்பு ஒன்றுதான். அந்த ஜீப்பின் பைப் உரசி ஓட்டையாகி, ஹோஸும் வெடித்துப் போயிருந்தது.

"மாப்ள, நீதான் படிச்சவனாச்சே, சல்லிசா ஒண்ணு ஏற்பாடு பண்ணு" என்றார் மாமா.

நானும் பண்ணினேன். பழைய பைப்பின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பெரிது போட்டால் காற்று தாராளமாகப் போகுமே என்று 63 மில்லிமீட்டர் அலுமினிய பைப், கண்ணாடி போலப் பளபளப்பாக, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். அப்போதைய என் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விட்டது. ஹோஸுக்குக் காசு மிஞ்சவில்லை. டர்போ பக்கத்து இணைப்புக்கு ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போட்டு, சாதாரணக் கிளிப்பை முறுக்கிவிட்டேன். மூன்று வாரம் வண்டி ஜோராக ஓடியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

நாலாவது வாரம், அதிகாலை, புலியூத்துக்கு மேலே ஒரு வளைவில் முழுப் பாரத்தோடு திரும்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பின்னால் ஒரே கரும்புகை. வண்டி இழுக்கவில்லை. வளைவின் ஏற்றத்தில் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. மாமா பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து நிறுத்த, ஒரு அக்கா குதித்து இறங்கிப் பின் டயருக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார். பின்னால் இருந்தது இடுப்புயரச் சுவர், அதற்கப்புறம் பள்ளம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தகவல் கிடைத்து பைக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னைத் திட்டவே இல்லை. "பைப்பு பளபளன்னு நல்லாத்தான் மாப்ள இருக்கு" என்றார். கல் வைத்த அக்கா மட்டும், "ஏந்தம்பி, இன்னைக்குச் சம்பளம் யார் குடுப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது என்ன? கழன்ற ஹோஸைப் பிதுக்கிப் பார்த்தேன், ஊறின தோல் மாதிரி கொழகொழவென்று இருந்தது. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பரில் செய்வது. தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் அது தங்கமான பொருள், எண்ணெய்க்கு ஆகாது. டர்போ வழியாகக் காற்றோடு எண்ணெய்ப் புகையும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். அதைக் குடித்து ரப்பர் ஊதிவிட்டது. இது முதல் தப்பு.

அடுத்த தப்பு அளவு. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 2,500 சி.சி. இன்ஜின், நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்றால், 50 மி.மீ. பைப்பில் காற்று நொடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. ஒரு கூர்மையான வளைவில் அது இழக்கும் அழுத்தம் சுமார் 0.005 பார். டர்போ கொடுப்பதோ ஒரு பார். பைப்பைப் பெரிதாக்கி நான் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு பார் அழுத்தம் 50 மி.மீ. வாயில் ஹோஸைத் தள்ளும் விசை 20 கிலோ, 63 மி.மீ. வாயில் அதுவே 32 கிலோ! லாபமே இல்லாமல், கழற்றிவிடும் விசையை நானே அறுபது சதவீதம் கூட்டி வைத்திருக்கிறேன். போதாததற்கு, பைப் முனையில் ஹோஸ் நழுவாமல் தடுக்கும் விளிம்பு இல்லை. வழவழவென்று இருந்தது. அந்தப் பளபளப்புக்குத்தான் காசு கொடுத்தேன்.

ஆகவே தம்பிகளே, பழைய பைப் என்ன விட்டமோ அதையே போடுங்கள். விலை குறைவான பைப்பே போதும், ஆனால் முனையில் விளிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால், முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் சுற்றிலும் ஒரு வரி ஆர்கான் வெல்டிங் ஓட்டச் சொல்லி, கூர் போகத் தேய்த்துவிட்டாலே போதும். கிளிப் அந்த வரிக்குப் பின்னால் உட்கார வேண்டும். அலுமினியம்தான் எனக்குப் பிடித்தது. இரும்பு பைப் இன்னும் சல்லிசு, ஆனால் நம் மலையின் மழைக்கும் பனிக்கும் உள்ளே துருப்பிடிக்கும். பெயின்ட் வெளியேதான் காக்கும். உதிரும் துரு நேரே இன்ஜினுக்குள் போகும், நடுவில் தடுக்க ஃபில்டர் கிடையாது. பட்டறையில் மணல் அடைத்து வளைத்த பைப் என்றால் இன்னும் பயம். வெல்டிங் பொரி, அரத்தூள், மணல் எதுவும் மிஞ்சாமல் இரண்டு மூன்று தடவை கழுவி, துணியை உள்ளே இழுத்துத் துடைத்த பிறகே மாட்டுங்கள். டர்போ உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய இன்டர்கூலரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் இடுக்குகளில் இரும்புத் துணுக்கு ஒளிந்திருக்கும்.

மிச்சப்படுத்திய காசை இணைப்புகளில் போடுங்கள். துணி அடுக்கு வைத்த சிலிக்கான் ஹோஸ் வாங்குங்கள். டர்போ பக்கத்துக்கு மட்டும், எண்ணெய் தாங்கும்படி உள்ளே ஃப்ளூரோசிலிக்கான் பூசியதாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கிளிப்பின் பல் வரிகள் சிலிக்கானை அறுக்கும், ஆகவே டி-போல்ட் கிளாம்ப். இன்ஜின் தன் மவுன்டிங்கில் ஆடும், இன்டர்கூலர் ஆடாது. அந்த ஆட்டத்தைத் தாங்க, இரண்டு பைப் முனைகளுக்கும் இடையே ஒரு விரல்கடை ஹோஸ் விட்டுவையுங்கள். இழுத்துப் பிடித்து மாட்டவே கூடாது. கழலாமல் இருக்க உள்ளே கிரீஸ் தடவலாமே என்று ஒரு மெக்கானிக் எனக்கு யோசனை சொன்னார்! எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, உலர்ந்த பின் மாட்ட வேண்டும்.

மாட்டியதும் சோதனை. இரு முனையையும் மூடி, ஒரு மூடியில் சைக்கிள் வால்வு பொருத்தி, கைப்பம்பால் 15 பவுண்டு காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். கழன்றால் துப்பாக்கிக் குண்டுதான்.

சொந்தக் கார் வைத்திருக்கும் மாணவர்களுக்கு இன்னொன்று. பழுதான பைப்புக்குப் பதில் அதே அளவு பைப் போடுவது பழுதுபார்ப்பு. பெரிய இன்டர்கூலர், கூடுதல் பூஸ்ட் என்று போனால் அது வேறு கதை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. போடிமெட்டு நாலாயிரம் அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி போடியில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுற்றுகிறது. அதன் தலையில் மேலும் சுமை ஏற்ற வேண்டாமே.

மாமா வண்டிக்கு அப்புறம் 50 மி.மீ. பைப்பே போட்டேன். அலுமினியம் சாதாரணம்தான், பளபளப்பெல்லாம் கிடையாது. நான்கு கிளாம்பும் ஹோஸும் சேர்ந்து பைப்பைவிட அதிக விலை ஆயிற்று. அன்று வேலை போனவர்களின் ஒரு நாள் சம்பளத்தையும் கொடுத்தோம். அந்த அக்கா முதலில் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். 2019இல் மாமா வண்டியை விற்கும்வரை அந்த இணைப்பு கழலவில்லை.

ஊதிப்போன அந்த ரேடியேட்டர் ஹோஸ் துண்டை இன்றும் வைத்திருக்கிறேன். இதோ, இந்த மேசையில் வைக்கிறேன். பக்கத்தில் ஒரு புது ஹோஸும், விளிம்பு வைத்த பைப் ஒன்றும் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் முன் தொட்டுப் பாருங்கள்.